பெருமூச்சு வழிபாடு

அன்று காலை மூன்றாம் அறையில், கண்ணாடிப் பெட்டியின் முன்னால் ஒரு பூ கிடந்தது. யார் கையிலிருந்தோ தவறி விழுந்திருக்கும் என்று காப்பாட்சியர் அதை எடுத்துக் குப்பைக்கூடையில் போட்டார். மறுநாள் மூன்று பூக்கள் கிடந்தன. மூன்றும் ஒரே வரிசையில், காம்பு வெளிப்பக்கம் பார்த்தபடி. தவறி விழுகிற பூ இவ்வளவு ஒழுங்காக விழாது என்பது அவருக்குத் தெரியும். மதங்கள் எப்படித் தோன்றின என்று படித்துப் படித்தே தலைமுடியைப் பறிகொடுத்தவர் அவர்.

சமயப் பிரிவு அந்த அருங்காட்சியகத்தின் மாடியில் இருந்தது. கீழே டைனோசர் எலும்புக்கு முன்னால் கூட்டம் நெரியும். மாடிக்கு ஈ, காக்கை ஏறாது. நாலு அறை நிறைய உலகத்துச் சாமிகளெல்லாம் உட்கார்ந்து ஒரு ஆள் வரமாட்டானா என்று ஏங்கிக்கொண்டிருந்தன. அவற்றில் எதற்கும் பூ வரவில்லை. பூ வந்தது ஒரு மரக்கட்டைக்கு.

முழங்கால் உயரக் கட்டை. உடம்பில் மூன்று துளை, தலையில் ஒரு வெட்டு. எப்போதோ ஆற்றுச் சேற்றில் கிடைத்தது. அது உலக்கையா, படகின் உறுப்பா, யாருடைய வீட்டு முளையா, ஒருவருக்கும் தெரியாது. என்னவென்று தெரியாத பழம்பொருளுக்கெல்லாம் அந்தத் துறையில் கைவசம் ஒரு பெயர் உண்டு: 'வழிபாட்டுப் பொருள்'. காப்பாட்சியரும் அப்படியே எழுதி ஒட்டியிருந்தார். ஒட்டிய முகூர்த்தம் இப்போது பலித்துவிட்டது.

வாரக் கடைசியில் ஆட்களையே பார்த்துவிட்டார். ஒரு மருந்துக்கடைக்காரர், ஒரு டாக்ஸி டிரைவர், கழுத்தில் அளவு நாடாவோடு ஒரு தையல்காரம்மா, இன்னும் சிலர். ஒவ்வொருவராகப் பெட்டி முன்னால் வந்தார்கள். இடப்பக்கமாகக் குனிந்து பெட்டியின் அடிமூலையைப் பார்த்தார்கள். நீளமாக ஒரு பெருமூச்சு விட்டார்கள். "இன்னைக்கும் அப்படியேதான்" என்று முணுமுணுத்தார்கள். பெட்டியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, கண்ணாடியைப் புறங்கையால் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

விஷயம் இயக்குநர் காதுக்குப் போக இரண்டு நாள்கூட ஆகவில்லை. மேலிடத்துக் குழு பார்வையிட வரப்போகிற நேரம் அது. குழு வருவதற்குள் இந்தக் கூத்து நிற்காவிட்டால் கட்டை கீழ்த்தளக் கிடங்குக்குப் போகும், மூன்றாம் அறைக்குப் பூட்டு விழும், காப்பாட்சியர் தபால்தலைப் பிரிவுக்குப் போகலாம் என்று அவர் சொல்லிவிட்டார்.

காப்பாட்சியர் கிடங்கை நினைத்துப் பார்த்தார். மாடியிலேயே சுவரெல்லாம் ஓதம். காற்றின் ஈரத்தை அளக்கப் பெட்டியின் அடியில் வைத்திருந்த ஈரமானியின் முள் இறங்கி அவர் பார்த்ததில்லை. சுவரைப் பூசிக் கொடுங்கள் என்று கேட்டுக் கேட்டு வாய் வலித்ததுதான் மிச்சம். கிடங்கிலோ தரையில் தண்ணீரே நிற்கும். அங்கே போனால் ஒரு மழைக்காலத்துக்குக் கட்டை தாங்காது, உளுத்துப் பொடியாகிவிடும். பிள்ளைகுட்டி இல்லாத மனிதர். அந்தக் கட்டையைத்தான் பிள்ளையாக வளர்க்கிறார் என்று சொன்னால் அவர் ஒப்புக்கொள்ள மாட்டார். அவர் மனைவி ஒப்புக்கொள்வாள்.

முதல் வேலையாக ஒரு பலகை வைத்தார். 'இது கடவுள் அல்ல' என்று கொட்டை எழுத்தில் எழுதி, பெட்டிக்கு மேலே தொங்கவிட்டார். டைனோசர் பார்க்க வந்தவர்களும் மாடிக்கு ஏறத் தொடங்கினார்கள். நாலு அறையில் இத்தனை சாமி இருக்கிறது, எதற்கும் இப்படி எழுதவில்லை, இதற்கு மட்டும் மெனக்கெட்டு எழுதியிருக்கிறார்கள் என்றால் ஏதோ இருக்கிறது என்று பேசிக்கொண்டார்கள். பூ இரண்டு கூடை சேர்ந்தது.

அடுத்து, பெட்டியைச் சுற்றிக் கயிறு கட்டினார். அதுவரை முண்டியடித்த கூட்டம் கயிற்றைக் கண்டதும் வரிசையில் நின்றது. கயிற்றைப் பிடித்தபடியே சுற்றினார்கள். கண்ணாடி எட்டவில்லை என்பதால் புறங்கையால் கயிற்றைத் தொட்டார்கள். கயிற்றுக்கும் ஒரு மரியாதை வந்துவிட்டது.

சரி, விரட்டியே விடலாம் என்று காவலாளியை அங்கே நிறுத்தினார். காவலாளி நல்ல மனுஷன், ஆனால் இத்தனை வருட வேலையில் யாரும் அவரை நிமிர்ந்து பார்த்ததில்லை. இங்கே எல்லோரும் வணங்கினார்கள். முதல் நாள் விரட்டினார். இரண்டாம் நாள் பூவை வாங்கித் தானே வைத்தார். மூன்றாம் நாள், பெருமூச்சு போதாது, இன்னும் கொஞ்சம் இழுத்து விடுங்கள் என்று ஒருவருக்குத் திருத்தம் சொல்லிக்கொண்டிருந்தார். வார விடுமுறை வேண்டாம் என்று எழுதிக்கூடக் கொடுத்துவிட்டார்.

காப்பாட்சியர் தலையில் அடித்துக்கொண்டார். கடைசியில் அறிவைத்தான் நம்ப வேண்டும் என்று பெட்டி முன்னால் நின்று பேசவே பேசிவிட்டார். மனிதன் பயத்திலும் துக்கத்திலும் கல்லையும் கட்டையையும் எப்படிச் சாமியாக்கினான் என்று ஒரு மணி நேரம் விளக்கினார். எல்லோரும் தலைகுனிந்து கேட்டார்கள். ஒரு கிழவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மறுநாள், "இன்னைக்குப் பிரசங்கம் எத்தனை மணிக்கு?" என்று கேட்டுக்கொண்டு சொந்தபந்தங்களோடு வந்து நின்றார்கள்.

வேறு வழியில்லாமல் கட்டையையே எடுத்துத் தன் அறை அலமாரியில் வைத்துப் பூட்டினார். வெறும் பெட்டியைப் பார்த்தால் ஏமாந்து போய்விடுவார்கள் என்பது கணக்கு. பெட்டியைப் பார்த்த கூட்டம் அப்படியே வாயடைத்து நின்றது. பிறகு ஒரு பெருமூச்சு வந்தது பாருங்கள், ஜன்னல் அதிர்ந்தது. உருவம் இருந்தபோது வராத படித்தவர்களெல்லாம் உருவமில்லாததற்கு வந்தார்கள். அலமாரியில் இன்னும் ஓதம் அதிகம் என்று தெரிந்து, அன்று மாலையே கட்டையைத் திரும்பக் கொண்டுவந்து வைத்தார். அது மீண்டு வந்த நாள் என்று அதற்கும் பூ போட்டார்கள்.

வீட்டில் மனைவியிடம் புலம்பினார். அவள் காய் நறுக்குவதை நிறுத்தவில்லை.

"இத்தனை வருஷமா ஒருத்தரும் வரலன்னு அழுதீங்க. இப்ப வராங்கன்னு அழறீங்க. ஒரு நாளாவது சிரிச்ச மூஞ்சியோட வேலைக்குப் போயிருக்கீங்களா?"

தான் எதற்கும் உதவாதவன் என்ற எண்ணம் அன்று அவர் நெஞ்சில் வந்து உட்கார்ந்துகொண்டது. ஒரு கட்டையைக்கூடக் காப்பாற்றத் தெரியவில்லை.

குழு வருவதற்கு முந்தின நாள் இயக்குநரே மாடிக்கு வந்துவிட்டார். கூட்டத்தைப் பார்த்தார், கயிற்றைப் பார்த்தார், காவலாளியின் முகத்தில் தெரிந்த அருளையும் பார்த்தார்.

"இத ஆரம்பிச்சவன்னு ஒருத்தன் இருப்பான்ல. அவன் யாருன்னு இன்னைக்குள்ள கண்டுபிடிங்க. இனி அவன் ஜென்மத்துக்கும் இந்தக் கட்டடத்துக்குள்ள வரக் கூடாது. தலையைக் கிள்ளிட்டா மத்ததெல்லாம் தானா வாடிடும். அவனப் பிடிச்சுக் குடுத்தா கட்டை இங்கேயே இருக்கட்டும்."

காப்பாட்சியருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கட்டை பிழைக்கும் என்பது ஒன்று. இன்னொன்றும் இருந்தது. உலகத்தில் எந்த மதத்துக்கும் முதல் ஆள் யார் என்பது உறுதியாகத் தெரியாது, எல்லாம் ஆயிரம் வருடப் புகை. இங்கே கண்ணெதிரில் ஒரு மதம் முளைத்திருக்கிறது, வேரைத் தோண்டிப் பார்க்கலாம். அந்தப் பெருமூச்சைப் பற்றி ஏற்கெனவே ஒரு கட்டுரைக்குக் குறிப்பு எடுத்து வைத்திருந்தார். உள்ளிருக்கும் உயிர்மூச்சைக் காணிக்கையாக வெளியே விடுகிற மிகத் தொன்மையான சடங்கு என்பது அவர் முடிவு. குனிவது பூமித்தாய்க்கு. புறங்கை எதற்கென்றுதான் பிடிபடவில்லை.

விசாரிக்கத் தொடங்கினார். டாக்ஸி டிரைவர் மருந்துக்கடைக்காரரைக் கைகாட்டினார். அவர் கடையைத் திறக்கும் முன்னால் தினமும் எங்கே போகிறார் என்று பின்னாலேயே வந்து பழகிக்கொண்டாராம். மருந்துக்கடைக்காரர் தையல்காரம்மாவைச் சொன்னார். கணவருக்கு மருந்து வாங்க வருகிறவள், முன்பெல்லாம் கடையிலேயே உட்கார்ந்து அழுவாளாம். அழுகை நின்றது எப்படி என்று கேட்டதற்கு இந்த அறையைச் சொன்னாளாம். தையல்காரம்மாவுக்கு முன்னால் ஒருவரும் இல்லை என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

அவள் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து ஒரு சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். காப்பாட்சியர் எதிரில் போய் நின்றார். இயக்குநர் பின்னாலேயே வந்தார். கதவடியில் நின்ற காவலாளியை, இந்த அம்மா முகத்தை நன்றாகப் பார்த்து வைத்துக்கொள் என்று சைகை காட்டினார்.

காப்பாட்சியருக்கு அவளை மிரட்ட மனம் வரவில்லை. இந்தக் கட்டையிடம் அவள் என்ன கேட்கிறாள் என்று மட்டும் கேட்டார்.

"ஒண்ணும் கேக்கறதில்ல சார். இது கேட்டா குடுக்கற சாமி இல்ல. அவரு படுத்த படுக்கையா இருக்காரு, பேச்சும் போயிடுச்சு. டாக்டரு கைய விரிச்சாச்சு. வீட்டுல இருக்கறவங்ககிட்ட தினமும் நல்லாயிடும் நல்லாயிடும்னு சொல்லணும். எங்கயாவது ஒரு இடத்துல போய், இன்னைக்கும் அப்படியேதான் இருக்குன்னு நெஜத்தச் சொல்லணும்ல. சொல்லிட்டா மூச்சு வருது."

இவளை விரட்டித்தான் கட்டையைக் காப்பாற்ற வேண்டுமா என்று நினைத்தபோது தபால்தலைப் பிரிவுகூடப் பரவாயில்லை என்று காப்பாட்சியருக்குத் தோன்றியது. இயக்குநர் அவர் முதுகில் ஒரு விரலால் இடித்தார். கேட்டுத்தான் ஆக வேண்டும்.

இதெல்லாம் அவளாகக் கண்டுபிடித்ததா, இல்லை வேறு யாராவது சொல்லிக் கொடுத்தார்களா என்று குரல் எழும்பாமல் கேட்டார்.

அவள் ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டு, இதைப் போய்க் கேட்கிறாரே என்பதுபோல அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"உங்களப் பாத்துதான் சார். தினமும் காலையில மொத ஆளா வந்து, பொட்டிக்கு அடியில குனிஞ்சு பாத்து, இன்னைக்கும் அப்படியேதான்னு அப்படி ஒரு மூச்சு விட்டு, கண்ணாடியப் பொறங்கையால தொட்டுப் பாத்துட்டுப் போவீங்களே, எந்தக் குறையும் தீராமலேயே ஒரு மனுஷன் நாள் தவறாம வந்து நிக்கிறாருன்னா இதுதான் நெஜமான சாமின்னு நெனைச்சேன்."