மைக்செட் அக்காவுக்குத் தலை ஸ்கேன்

பத்தாவதோடு நின்றவள் நான். கருவாட்டுக்கு விலை சொல்லவே கூச்சப்படுகிறவள், பத்திரிகைக்கு எழுத வந்ததைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். மைக்செட் அக்காவைப் பற்றி வேறு யாரும் எழுதமாட்டார்கள். எல்லோருக்கும் பயம்.

அறந்தாங்கி மார்க்கெட்டில் என் பக்கத்துக் கடையில் மீன் விற்கிறவர். அவர் தொண்டைக்கு ஈடான தொண்டை ஏழு ஜில்லாவிலும் கிடையாது. "நண்டேய்!" என்று ஒரு குரல் கொடுத்தால், பஸ் ஸ்டாண்டில் தூங்குகிற டிரைவர் எழுந்து வண்டியை எடுத்துவிடுவார். திட்டாமல் யாருக்கும் மீன் கொடுத்ததில்லை. "மூஞ்சியப் பாரு, பேரம் பேச வந்துட்டாரு! இந்தாங்க, புள்ளைக்குக் கொழம்பு வச்சுக் குடுங்க" என்று ரெண்டு மீனைக் கூடவே போடுவார். என்றைக்காவது திட்டு விழாவிட்டால், அக்காவுக்கு நம்மமேல் கோபமோ என்று ஆட்கள் திரும்பி வந்து நிற்பார்கள்.

அப்படிப்பட்டவருக்கு நெஞ்சுவலி வந்தது. பைபாஸ் செய்ய வேண்டும் என்ற டாக்டர், முதலில் தலையை ஸ்கேன் எடுக்கச் சொன்னார்.

"வலி நெஞ்சுல இருக்கு, நீங்க என்ன மண்டையப் பாக்குறீங்க? பள்ளிக்கூடத்துல ஒழுங்காப் படிச்சீங்களா?"

டாக்டர் சிரித்தார். "ஆபரேஷன் அப்ப ரத்தக்குழாயில இருந்து துணுக்கு ஏதாச்சும் கழண்டு மூளைக்குப் போனா ஸ்ட்ரோக் வரலாம்மா. கை கால் வராமப் போகலாம், பேச்சு போகலாம். மூளைக்குப் போற குழாய் எப்படி இருக்குன்னு முன்னாடியே தெரிஞ்சா, அதுக்குத் தகுந்த மாதிரி செய்வோம்."

பேச்சு போகலாம் என்றதும் அக்கா வாயை மூடினார். ஸ்கேன் அறை வரைக்கும் திறக்கவில்லை. கூடப் போன நான் அவர் பையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே நடந்தேன்.

மெஷினுக்குள் அசையாமல் படுக்க வேண்டும். அது டமடமவென்று அடிக்க ஆரம்பித்ததும் அக்காவுக்குப் பொறுக்கவில்லை. "யார்ரா அவன், என்னைய விடச் சத்தமா?" என்று எழப் பார்த்தார். படம் கலங்கிவிட்டது. இரண்டாம் முறை பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார்.

மூளைக்குப் போகும் குழாய் ஒன்று சுருங்கியிருந்தது. எப்போதோ அவருக்கே தெரியாமல் சின்ன அடைப்பு வந்துபோன தடமும் இருந்தது. அதைப் பார்த்து டாக்டர்கள் செய்யும் முறையை மாற்றினார்கள். இதயத்தை நிறுத்தாமல், பெரிய ரத்தக்குழாயில் கிடுக்கி போடாமல், பிரஷர் இறங்காமல் பார்த்துச் செய்வார்களாம். "ஆபத்து குறையும். அறவே இல்லைன்னு சொல்லமாட்டேன்" என்றார் டாக்டர்.

ஆபரேஷனுக்கு முந்தின சாயங்காலம் அக்கா கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார். "நாளைக்கு வாய் இருக்குமோ என்னமோ. எல்லாரும் வரிசையா வாங்க, இப்பவே திட்டிர்றேன்."

புருஷன், மருமகள், ரத்தம் எடுக்க வந்த நர்ஸ் என்று ஒருவர் விடாமல் வாங்கிக்கொண்டார்கள். துபாயில் இருக்கும் மகன் வீடியோவில் அழுதான். "அழுவுறான் பாரு, மீசை மட்டும் அருவா மாதிரி!"

கடைசியாக நான் போய் நின்றேன். அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீ அங்கிட்டுப் போ, ஊமச்சி. ஒன்னையத் திரும்பி வந்து திட்டிக்கிறேன்."

நான் போகவில்லை. கால்மாட்டில் உட்கார்ந்து, அவர் கண் அசரும்வரை பாதத்தைப் பிடித்துவிட்டேன்.

மறுநாள் ஆபரேஷன் நடந்தது. வாயிலிருந்த குழாயை எடுத்ததும் "ஒங்க பேர் என்னம்மா?" என்று நர்ஸ் கேட்டார். அக்கா மெதுவாகச் சொன்னார். வலது கையைத் தூக்கச் சொன்னதும் தூக்கினார். அந்தக் கையாலேயே கதவோரம் நின்ற என்னைக் கூப்பிட்டு, "வா ஊமச்சி, ஒனக்குத் திட்டு பாக்கி இருக்கு" என்றார்.