ஹி ஈஸ் நோ மோர் பெயின்

நீச்சல் அரைகுறையாகத் தெரிந்தவன்தான் கிணற்றில் முதலில் குதிப்பான். என் ஆங்கிலமும் அப்படித்தான். சுத்தமாகத் தெரியாதிருந்தால் வாயை மூடிக்கொண்டு தப்பித்திருப்பேன்.

மணலூர்பேட்டையில் எங்கள் சித்தப்பா கரும்புக்கொல்லை வரப்பில் வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டார். கள்ளக்குறிச்சியில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஒரே மகன் செந்தில், புனேயில் வேலை. அங்கேயே ஒரு மராத்திப் பெண்ணைக் கட்டிக்கொண்டவன். சேதி சொன்னதும், "லீவு கெடைக்கல அண்ணே, நீயே கொஞ்சம் பாத்துக்க" என்றான்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. நல்ல சேதியாயிற்றே என்று செந்திலுக்குப் போன் போட்டேன். எடுத்தது அவன் மனைவி. அவளுக்குத் தமிழ் தெரியாது. பிறகு பேசலாம் என்று வைத்திருக்கலாம். ஆனால் வார்டே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. (பி.காம். படித்தவன் என்று வந்த அன்றே சொல்லிவைத்திருந்தேன்.)

"ஆபரேஷன் ஓவர். ஹி ஈஸ் நோ மோர் பெயின்" என்றேன்.

'ஹேஸ்' வரவேண்டிய இடத்தில் 'ஈஸ்' ஏறி உட்கார்ந்துவிட்டது. 'நோ மோர்' என்றதுமே அவள் ஓவென்று அழுதாள். வலி போன விஷயம் அவள் காதுக்குப் போகவே இல்லை. போன் கட்டானது.

"மருமவளுக்கு உங்க மேல ரொம்பப் பாசங்க. சந்தோஷத்துல அழுவுது" என்றேன். சித்தப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது.

சற்று நேரத்தில் செந்திலே கூப்பிட்டான். "நெசமா அண்ணே?"

"நெசந்தான்டா. எல்லாம் நல்லபடியா முடிஞ்சிபோச்சி."

"நான் வர்ற வரைக்கும் வெச்சிருப்பாங்களா?"

"பின்ன இன்னா? நாலு நாளு வெச்சிருந்துட்டுதான் அனுப்புவாங்க."

மறுநாள் மதியம் வாசலிலிருந்து போன் செய்தான். "ரெண்டாவது மாடி, மேல வா" என்றேன். வந்தான். கையில் ஆளுயர ரோஜா மாலை. சித்தப்பா தயிர்சோறு சாப்பிட்டுக்கினு இருந்தார்.

விஷயம் புரிந்ததும் பக்கத்துக் கட்டில்காரர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நானும் அசட்டுத்தனமாகச் சிரித்துவைத்தேன். சித்தப்பா சிரிக்கவில்லை. கையிலிருந்த கவளத்தைத் தட்டில் போட்டுவிட்டு மாலையையே பார்த்தார்.

"காலு ஒடஞ்சதுக்கு லீவு கெடைக்கல. இதுக்குக் கெடைச்சிதா?"

செந்தில் மாலையோடு அப்படியே தரையில் உட்கார்ந்து, கட்டுப் போடாத காலைப் பிடித்துக்கொண்டு அழுதான். அவர் என்னை நாலு அறை அறைந்திருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

அதற்குப் பிறகு அந்தப் பெண் தமிழ் கற்றுக்கொண்டாள். இப்போது ஞாயிற்றுக்கிழமையானால், "மாமா, சாப்ட்டீங்களா?" என்று நேராக அவரிடமே பேசுகிறாள். என்னை நம்புவதில்லை. சொந்தக்காரர்கள் வூட்டுக் கல்யாணம் எதற்குப் போனாலும், "மருமவளுக்குத் தமிழ் சொல்லிக்குடுத்த வாத்தியாரு வந்துட்டாரு" என்று ஒருவர் ஆரம்பித்துவைக்க, பந்தி முழுக்கச் சிரிப்பு. சித்தப்பாவும் கூடச் சிரிப்பார்.

ஆனால், முன்பெல்லாம் செந்தில் பேசினால் "எப்படா வர்ற?" என்று கேட்காமல் போனை வைக்கமாட்டார். இப்போது கேட்பதே இல்லை.