ஆத்தா கொடுத்த பூவும் என் பெடஸ்டல் ஃபேனும்

மேட்டூரில் இருக்கும் மாப்பிள்ளை இனியன் அவர்களுக்கு, மாமனார் மயில்சாமி எழுதிக்கொள்வது. இங்கு நானும் உங்கள் அத்தையும் எருமை இரண்டும் சௌக்கியம். அங்கு நீங்களும் தனப்பிரியாவும் அதேபோல் இருக்க வேண்டும். போன் இருக்கும்போது இவர் எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று நீங்கள் நினைப்பது நியாயம். போனில் நான் பேச ஆரம்பித்தால் உங்கள் அத்தை சௌந்திரம் வாங்கி ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாள். சொல்லப்போகிற விஷயம் அவள் காதில் விழுந்தால் எனக்கு இந்த வீட்டில் சோறு கிடையாது. நம் குடும்பத்தில் சாமி கும்பிடாத ஆட்கள் நாம் இரண்டு பேர்தான். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

எங்கள் மேட்டுத்தெருவுக்குக் குடிதண்ணீர் வராத கதை உங்களுக்குக் கொஞ்சம் தெரியும். டேங்கிலிருந்து குழாய் வர வேண்டுமென்றால் கதிர்வேல் தோட்டத்து வரப்பு ஓரமாகத்தான் வர வேண்டும், வேறு வழியில்லை. அவரோ, தன்னைக் கூப்பிடாமல் ஊர்க்கூட்டம் போட்டுவிட்டார்கள் என்ற கோபத்தில், அடுத்த கூட்டத்தில் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "என்ர வரப்புல குழாய் போவோணும்னா என்னையப் பொதைச்சுப்போட்டுப் போங்க" என்று சத்தியம் பண்ணிவிட்டார். மனு கொடுத்தோம். அதிகாரி வந்தார், இளநீர் குடித்தார், போனார். நான் தனியாகச் சமாதானம் பேசப் போனேன். மின்வாரியத்தில் வேலை பார்த்தவன் அல்லவா, சட்டப்படி என்னவெல்லாம் செய்யலாம் என்று எடுத்துச் சொன்னேன், அவர் நான் குடித்துக்கொண்டிருந்த காப்பியைப் பாதியில் வாங்கிக்கொண்டார். இதற்கிடையில், கீழே அடிபம்பிலிருந்து குடம் சுமந்து வந்த உங்கள் அத்தை போன மாதம் அதே வரப்பில் வழுக்கி விழுந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். இனிக் குடமே தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். உங்களிடம் சொன்னால் தனப்பிரியா அழுவாள் என்று சொல்லவில்லை. இந்தக் கோடைக்குள் தண்ணீர் வராவிட்டால் வீட்டை விற்றுவிட்டு உங்களோடு வந்துவிடுவது என்று முடிவு செய்திருந்தோம். பயப்பட வேண்டாம், மேலே படியுங்கள்.

மாரியம்மன் பண்டிகைக்குச் சாட்டுப் போட்டு நாள் குறித்ததும் பூசாரி செல்லமுத்து கதிர்வேலிடம் போய், "சாமி, ஆத்தாகிட்டப் பூக் கேட்டுப் பாக்கலாமுங்களா?" என்றார். "ஆத்தா பூக் குடுத்தா நான் எடங் குடுக்கறனுங்க" என்று அவரும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். உங்கள் பக்கம் இந்த வழக்கம் உண்டோ என்னவோ. ஈரப் பூவை அம்மன் தலையில் வைத்துக் காத்திருப்பார்கள், வலப்பக்கம் விழுந்தால் சம்மதம், இடப்பக்கம் விழுந்தால் இல்லை. ஒரு தெருவின் தாகத்தை ஒரு செவ்வரளிப் பூ தீர்மானிப்பதா என்று எனக்கு வந்த எரிச்சல் கொஞ்சமல்ல. ஆனாலும் பூசாரிக்கு வேர்க்கிறதே என்று நம் வீட்டுப் பெடஸ்டல் ஃபேனைக் கொண்டுபோய், விளக்கு அணையாதபடி, அவர் முதுகில் மட்டும் காற்றுப் படும்படி நானே வைத்தேன்.

பூ வைத்தாயிற்று. பம்பை மேளம் நின்றது. ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது, பூ அசைவேனா என்கிறது. தூணோரம் நின்ற எனக்கோ சட்டை தொப்பலாக நனைந்துவிட்டது. சத்தியமாகச் சொல்கிறேன் மாப்பிள்ளை, வேறு எந்த எண்ணமும் இல்லை, எனக்குக் கொஞ்சம் காற்று வரட்டும் என்று ஃபேனின் கழுத்தை லேசாகத் திருப்பினேன். காற்று கருவறைக்குள் ஒரு சுற்றுச் சுற்றியது, விளக்கு படபடத்தது, "ஆத்தா மூச்சு உடறா!" என்று யாரோ கத்தினார்கள், பூ வலப்பக்கம் விழுந்தது. குலவைச் சத்தத்தில் என் காது அடைத்துப்போனது. கதிர்வேல் நெடுஞ்சாண்கிடையாக விழுந்துவிட்டார். உங்கள் அத்தை இடுப்பு வலியை மறந்து குதிக்கிறாள்.

மறுநாள் விடிந்ததும் கதிர்வேலே கடப்பாரையோடு வந்து நிற்கிறார். அவர் முகத்தில் விழிக்க மாட்டேன் என்று இருந்தவர்களெல்லாம் அவர் பக்கத்தில் நின்று மண் வெட்டினார்கள். அவர் வீட்டிலிருந்து எல்லாருக்கும் கம்மங்கூழ் வந்தது, எனக்குக் காப்பியும் வந்தது, முழு டம்ளர். மாப்பிள்ளை, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குக் கண் கலங்கிவிட்டது. மனுவாலும் சட்டத்தாலும் என் வாயாலும் முடியாததை அந்த ஆத்தாள் பேரில் இந்த ஜனங்கள் வைத்திருக்கிற நம்பிக்கை ஒரே ராத்திரியில் முடித்துவிட்டது. அதை இனி நான் கேலி பேச மாட்டேன்.

ஆனால் காற்று என் ஃபேன் காற்று. உண்மையைச் சொன்னால் குழாயைப் பிடுங்கிவிடுவார்களோ என்று பயம், சொல்லாவிட்டால் ஊரையே ஏமாற்றியவன் நான். தூக்கம் போய்விட்டது. படித்தவர் நீங்கள், ஒரு வழி சொல்லுங்கள். இந்தக் கடிதத்தைப் படித்ததும் கிழித்துவிடுங்கள்.

தனப்பிரியாவுக்கு எங்கள் ஆசி. உங்கள் அப்பா அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லவும். நீங்கள் எல்லோரும் எந்தக் குறையும் இல்லாமல் நீடூழி வாழ அந்த மாரியம்மன், அதாவது, நான் வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
மயில்சாமி

பின்குறிப்பு: கவரை ஒட்டப்போகும் நேரத்தில் கதிர்வேல் வந்தார். வந்தவர் உட்காரவில்லை.

"ஃபேனைத் திருப்புனது நீங்கதானுங்களே அண்ணா? நான் பாத்தனுங்க."

நான் கவரை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன். அவர் சிரிக்கிறார்.

"அக்கா என்ர வரப்புல உழுந்த அன்னைக்கே எனக்கு மனசு எளகிப்போச்சுங்க. கூட்டத்துல சத்தியம் பண்ணிப்போட்டு எப்புடிங்ணா எறங்கி வாரது? பூக் கேட்ட அன்னைக்குப் பூவு எடப்பக்கமா லேசாச் சாஞ்சுது. 'ஆத்தா, ஒரு காத்த அனுப்பு'ன்னு வேண்டிக்கிட்டு நின்னனுங்க. அப்பத்தான் நீங்க திருப்புனீங்க."

"எனக்கு வேர்த்தது, அதான்" என்றேன்.

"ஃபேனைத் திருப்புனது நீங்க. செரி. உங்களத் திருப்புனது ஆருங்க?"

மாப்பிள்ளை, இதற்கு ஒரு நல்ல பதிலாக யோசித்து உடனே எழுதுங்கள். அவர் நாளைக்கும் வருவதாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.