ஏழு நாற்பது பஸ்ஸும் மீரான் மைதீனின் லைட் ரயிலும்

பஸ்ஸில் ஏறாத பஸ் நிபுணர் என்று ஓர் இனம் உண்டு. ரயிலில் ஏறாத ரயில் நிபுணரும் இதிலேயே அடக்கம். லோயர்கேம்ப் தொடங்கித் தேனி வரைக்கும், டீ விற்கிற இடமெல்லாம் இவ்வினம் செழித்து வளர்கிறது. அடையாளம் கண்டுகொள்வது எளிது. கையில் வண்டிச் சாவி இருக்கும். அதை விரலில் மாட்டிச் சுழற்றியபடியே, பொதுமக்கள் எதில் பயணம் செய்ய வேண்டும் என்று விளக்கிக்கொண்டிருப்பார். "அடிப்படையில பாத்தீகன்னா" என்று ஆரம்பிப்பார். முடிப்பதற்கென்று அவரிடம் எந்த வார்த்தையும் கிடையாது.

நம் மீரான் மைதீனை எடுத்துக்கொள்ளுங்கள். கம்பத்தில் சொட்டுநீர்ப் பாசனத்துக்குப் பைப் விற்கிற கடைக்காரர். வளரும் மாவட்டங்களுக்கு லைட் ரயில் சாத்தியமா என்று செய்தித்தாளின் ஓரத்தில் ஒரு துண்டுச் செய்தி வந்தாலும் வந்தது, அன்றிலிருந்து மனிதருக்குக் கடையில் இருப்புக் கொள்ளவில்லை. தேனியிலிருந்து கம்பம் வரைக்கும் தூண் மேல் பாதை, இரண்டு பெட்டி ரயில், பத்து நிமிடத்துக்கு ஒன்று. நான்கு அங்குல பைப்பைத் தூணாகவும் அரை அங்குல பைப்பைத் தண்டவாளமாகவும் வைத்து, ஒச்சாண்டியின் டீக்கடைப் பெஞ்சில் திட்டத்தை நிறைவேற்றியும் காட்டிவிட்டார். மச்சினன் கல்யாணத்துக்குக் கொச்சி போனபோது மெட்ரோவில் இரண்டு ஸ்டேஷன் போய்த் திரும்பியவர் அவர். அந்தப் பதினொரு நிமிட அனுபவத்தை இன்னும் பேசி முடித்தபாடில்லை.

எதிர்க்கட்சி இல்லாமல் இவ்வினம் வாழாது. இங்கே எதிர்க்கட்சி, உரக்கடை காமராஜ்.

"தூணு நட எடம் எங்கன இருக்கு பாய்? பஸ்ஸுக்குத் தனிப்பாதை போடு. இன்னும் இருவது பஸ்ஸ விடு. முடிஞ்சது சோலி."

"அடிப்படையில பாத்தீகன்னா, பஸ்ஸுங்கிறது போன நூற்றாண்டு காமராசு."

"ஒங்க ரயிலு அடுத்த நூற்றாண்டு. நடுவுல உள்ளவன் எதுல போவான்?"

நல்ல கேள்விதான். ஆனால் கேட்ட காமராஜ் கடைசியாகப் பஸ் ஏறியது, தேனிக்குப் போய்த் தன் முதல் ஸ்கூட்டரை வாங்குவதற்காக. மைதீன் பஸ் ஏறிப் பதினான்கு வருடம் ஆகிறது. இந்த இருவரும், இருவருக்கும் மாறி மாறித் தலையாட்டுகிற ஏழு பேரும் தினம் காலை ஏழு மணிக்கு ஒச்சாண்டி கடைக்கு வந்துவிடுவார்கள். எல்லோரும் சொந்த வண்டியில்தான். கடைக்குப் பக்கத்தில் நிழல் உள்ள இடம் பஸ் நிறுத்தம் ஒன்றுதான் என்பதால், ஒன்பது வண்டிகளும் அங்கே வரிசையாக நிற்கும். வருகிற பஸ் ஒதுங்க இடமில்லாமல் முப்பதடி தள்ளி, சாக்கடைப் பாலத்தைத் தாண்டிப் போய் நிற்கும். ஜனங்கள் மூட்டை முடிச்சோடு பின்னாலேயே ஓடுவார்கள். நிபுணர்கள் இதையும் கவனிக்காமல் இல்லை.

"பாத்தீகளா, ஒரு டிரைவராச்சும் ஸ்டாப்புல நிப்பாட்டுறானான்னு."

இந்த விஷயத்தில் மட்டும் இரண்டு கட்சிக்கும் ஒரே கருத்து.

அப்படி ஓடிப்போய் ஏறுகிறவர்களில் ஒருவர் சாபிரா. மைதீனின் மனைவி. உத்தமபாளையம் தாண்டிக் குச்சனூர் சாலையில் உள்ள ஓர் அங்கன்வாடியில் வேலை. ஏழு நாற்பது டவுன் பஸ்தான் அவருக்குக் கை கால் எல்லாம். விவாதத்தைக் கடந்து தினமும் போகிறார்; எந்தக் கட்சியும் அவரிடம் இதுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவர் கணவரிடம் வந்து உட்கார்ந்தார்.

"என்னங்க, கண்டக்டர் சுருளி ஒரு சேதி சொன்னாரு. திங்க, செவ்வா, புதன் மூணு நாளும் ஆபீஸ்ல இருந்து ஆள் எண்ண வர்றாகளாம். மூணுல ரெண்டு நாளாச்சும் முப்பது பேரு இல்லேன்னா, இனிமே சனிக்கெழம மட்டுந்தான் நம்ம வண்டி வருமாம்."

சனிக்கிழமை குச்சனூர்ச் சனீஸ்வரரைக் கும்பிடப் போகிற கூட்டம் படியில் தொங்கும். மற்ற நாட்களில் சாபிராவும் இன்னும் பதினைந்து பேரும்தான்.

"இதுக்குத்தான் ரயிலு ரயிலுன்னு தொண்டத்தண்ணி வத்தக் கத்துறேன்," என்றார் மைதீன்.

"ஒங்க ரயிலு குச்சனூர் ரோட்டுப் பக்கம் வருமா?"

"அது ரெண்டாங்கட்டம்."

"அதுவரைக்கும் நான் எதுல போக? அடுத்த பஸ்ஸு ஒம்பதரைக்கு. பிள்ளைக ஒம்பதுக்கே வந்து வாசல்ல உக்காந்திருக்கும். நேரத்துக்கு வர முடியலேன்னா வேலைய எழுதிக் குடுத்துட்டுப் போங்கன்னு சூப்பர்வைசரு முன்னாடியே சொல்லிட்டாக. பதினேழு வருசம் பாத்த வேலைங்க. அத விட்டுட்டு ஒங்க கடையில பைப்பு எண்ணவா?"

நானே பைக்கில் கொண்டுபோய் விடுகிறேன் என்கிற வாக்கியம் மைதீனின் தொண்டை வரைக்கும் வந்தது. ஆனால் ஏழு நாற்பது என்பது விவாதம் சூடு பிடிக்கிற நேரமல்லவா? வாக்கியம் அங்கேயே நின்றுவிட்டது. அது நின்றது அவருக்கே வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தில்தான் அவர் மறுநாள் பெஞ்சில் எழுந்து நின்று ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். மூன்று நாளும் ஒன்பது பேரும், ஆளுக்கு ஒருவரைக் கூட்டிக்கொண்டு, அந்தப் பஸ்ஸில் போக வேண்டும். வரலாற்றில் முதல்முறையாகக் காமராஜ் அதை ஆதரித்தார்.

திங்கட்கிழமை ஏழேகாலுக்கே பதினெட்டுப் பேரும் ஆஜர். எப்படி வந்தார்கள் என்றா கேட்கிறீர்கள்? பதினெட்டு வண்டிகளில். எங்கே நிறுத்தினார்கள்? வழக்கமான இடத்தில்தான். காத்திருக்கிற நேரத்தை வீணாக்க வேண்டாம் என்று காமராஜ் மெல்ல ஆரம்பித்தார்.

"ஆக, ரயில் கட்சியே பஸ்ஸுல ஏற வந்துருச்சு. இதுக்கு மேல எதுக்குப் பாய் விவாதம்?"

"பஸ்ஸுக்கு ஆள் பிடிக்க வேண்டியிருக்குன்னா, அதோட லட்சணத்த நீயே ஒத்துக்கிட்டேன்னு அர்த்தம் மாப்ள."

அதற்குக் காமராஜிடம் பதில் இருந்தது. மைதீனிடம் அந்தப் பதிலுக்குப் பதில் இருந்தது. ஏழு நாற்பதுக்குப் பஸ் வந்தது. நிறுத்தத்தில் ஒன்பதுக்குப் பதில் பதினெட்டு வண்டிகள் நின்றதால், வழக்கத்தை விட இன்னும் முப்பதடி தள்ளிப் போய் நின்றது. ஹாரன் அடித்தது. "இருங்க பாய், இத மட்டும் சொல்லி முடிச்சுக்கிறேன்," என்று காமராஜ் கையை உயர்த்தினார். அவர் முடித்து, பதினெட்டுப் பேரும் திரும்பிப் பார்த்தபோது பஸ்ஸின் முதுகுதான் தெரிந்தது. கடைசி ஜன்னலில் சாபிராவின் முகம் இருந்தது. அது மைதீனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்த சாபிரா சண்டை போடவில்லை. பையை ஆணியில் மாட்டினார். "பதினாறு," என்று மட்டும் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார். பதினேழு வருட வேலையைத் தன் வாயாலேயே கெடுத்துவிடுவோமோ என்று மைதீனுக்கு அப்போதுதான் பயம் வந்தது. உண்மையான பயம். தூணும் தண்டவாளமும் எல்லாம் அவருக்கு மறந்துபோயிற்று.

செவ்வாய்க்கிழமை விடிந்ததும் தொழுதுவிட்டு நேராக ஒவ்வொரு வீட்டு வாசலுக்கும் போனார்.

"சாவிய உள்ள வச்சிட்டு வாங்க. நடந்து வாங்க. ஏறுற வரைக்கும் ஒருத்தரும் வாயத் தெறக்கக் கூடாது."

"சாவி இல்லாம எப்பிடிப் பாய் பேசுறது?" என்று காமராஜ் கேட்டார். கேலிக்காகக் கேட்கவில்லை.

அன்று நிறுத்தம் காலியாக இருந்தது. பஸ் நிறுத்தத்திலேயே நின்றது. சரியான இடம்தானா என்று டிரைவர் தலையை நீட்டிப் பார்த்துக்கொண்டார். பதினெட்டுப் பேரும் ஏறினார்கள். மைதீன் போய் உட்கார்ந்த இடம் பெண்கள் பக்கம். "அண்ணே, இது லேடீஸ் சீட்டு," என்று திராட்சைத் தோட்டத்துக்குக் கூலிக்குப் போகிற ஜக்கம்மா எழுப்பிவிட்டார். மைதீன் டிக்கெட்டுக்கு ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டினார். சுருளி அதையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பாய் பஸ்ஸுக்குப் புதுசோ?"

பதினான்கு வருடம் பஸ்ஸைப் பற்றிப் பேசிய மனிதர் சட்டைப்பையில் சில்லறையைத் தேடினார். எண்ண வந்த அஜய்குமார் என்கிற அலுவலர் முன்னிருந்து பின்னும் பின்னிருந்து முன்னும் நடந்து பார்த்து முப்பத்து நான்கு என்று எழுதினார். புதன்கிழமை முப்பத்தாறு. பஸ் தப்பித்தது. சாபிரா அன்று வீட்டில் தலைக்கறி வைத்தார். மைதீனுக்கு இரண்டாம் முறையும் கேட்காமலே போட்டார்.

இத்தோடு கதை முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் நிபுணர்களுக்குப் பஸ் பிடித்துப்போய்விட்டது. ஜன்னல் காற்று, வயல் பச்சை, எழுந்து போக முடியாத கேட்பவர்கள். ஒரு விவாதத்துக்கு வேறென்ன வேண்டும்? வியாழக்கிழமையும் ஒன்பது பேர் ஏறினார்கள். அதற்கடுத்த வாரமும் ஏறினார்கள். போய்விட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பி வந்து கடை திறந்தார்கள். தனிப்பாதையா தூண் பாதையா என்பது உத்தமபாளையம் வரைக்கும் உரத்த குரலில் அலசப்பட்டது. பதினேழு வருடமாகச் சாபிரா வாய்க்கு ஓய்வு கொடுத்து, கண்ணை மூடி உட்கார்ந்து போன ஒரு மணி நேரம் அது. நாள் முழுக்க அவருக்கென்று இருந்ததும் அந்த ஒரு மணி நேரம்தான். இப்போது பக்கத்துச் சீட்டுக்காரிகள், "அக்கா, அந்தா பேசுறது ஒங்க வீட்டுக்காரரா?" என்று கேட்கிறார்கள்.

போன வாரம் சோறு போட்டுக்கொண்டே சாபிரா கேட்டார்.

"ஏங்க, அந்த லைட் ரயிலு நெசமாவே வருமா?"

மைதீனுக்குக் கை அப்படியே தட்டில் நின்றுவிட்டது. "நீயும் நம்ம கட்சிக்கு வந்துட்டியா?"

"அதுல ரெண்டு பெட்டி இருக்கும்னு சொன்னீகல்ல?"

"ஆமா, ரெண்டு பெட்டி."

"அப்ப நீங்களும் காமராசு அண்ணனும் ஒரு பெட்டில ஏறிக்கங்க. நான் இன்னொண்ணுல நிம்மதியாப் போய்க்கிறேன்."

ரயில் திட்டத்துக்காக இதுவரை சொல்லப்பட்ட காரணங்களில் உருப்படியானது இது ஒன்றுதான் என்பது என் எண்ணம். மைதீன் இதைத் தன் பட்டியலில் சேர்க்கவில்லை.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். உங்கள் ஊருக்கு ரயில் தோதா பஸ் தோதா என்று உங்களுக்கும் ஒரு கருத்து இருக்கும். அதைச் சொல்ல இப்போதே நாக்குத் துறுதுறுக்கும். சொல்லலாம், தாராளமாகச் சொல்லலாம். அதற்கு முன்னால் எழுந்து போய், உங்கள் வண்டி எங்கே நிற்கிறது என்று மட்டும் ஒரு தடவை பார்த்துவிட்டு வாருங்கள்.