கிளிசரின் அண்ணனும் மீன்காரம்மாவின் கட்டைவிரலும்

அடுத்தவர் தோல் மேல் கிளிசரின் அண்ணனைப் போல அக்கறை வைத்த ஆள் காரைக்காலில் இன்னொருத்தர் பிறக்கவில்லை. பிறந்திருந்தால் ஊர் தாங்கியிருக்காது.

நாங்கள் இருவரும் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வேலை பார்த்தோம். அறுபதைத் தாண்டியும் அவர் முகம் கல்யாண மாப்பிள்ளை மாதிரி மினுங்கும். மேசையில் மவுஸுக்கு இடம் இருக்காது. கிளிசரின் பாட்டிலும் தண்ணீர்க் கிண்ணமும் உட்கார்ந்திருக்கும். "வயசானா தோலுல தண்ணி தங்காது. இது புடிச்சு வச்சுக்கும். ஆனா ஈரக் கையிலதான் தடவணும்" என்பார், ஆதார் திருத்த வந்தவரிடம். பூவத்திலிருந்து பட்டா நகல் எடுக்க வந்த ஒருவர், குதிகால் வெடிப்புக்கு வைத்தியம் கேட்டுக்கொண்டு பட்டாவை மறந்தே போய்விட்டார். முதலாளி தலையிலடித்துக்கொண்டார்.

ஒருநாள் திருவேட்டக்குடியிலிருந்து ஒரு மீன்காரம்மா வந்தார். உயிரோடு இருப்பதற்குச் சான்றாக வைக்கும் கைரேகை பதியாததால் முதியோர் பென்ஷன் நின்றுபோயிருந்தது. போன வாரம் வந்தபோது எங்கள் மெஷினிலும் பதியவில்லை. அன்றைக்கும் எந்த விரலும் பதியவில்லை.

"எதுத்தாப்புல உக்காந்து பேசிக்கிட்டிருக்கேன், நான் இல்லங்குது பாருங்க. சுகர் மாத்திரை தீந்து போச்சுங்க" என்றார்.

அண்ணன் அந்தக் கையைப் பிடித்து முகர்ந்து பார்த்தார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"மீன் வாடையே இல்லியேம்மா. என்ன போட்டுக் கழுவுனீங்க?"

"நாலு பேரு வர்ற எடமாச்சேன்னு சாம்பலும் எலுமிச்சம்பழமும் போட்டு, தேங்கா நாரால தேச்சேங்க. போன வாரம் விழலன்னதும் இன்னிக்கி இன்னும் நல்லாத் தேச்சேன்."

"ரேகையையும் சேத்துல்ல தேச்சிட்டீங்க. ஒரு வாரத்துக்கு நாரைத் தொடாதீங்க. வாடையோடயே வாங்க."

பாட்டிலைக் கொடுத்தனுப்பியும் மனுஷனுக்கு நம்பிக்கை இல்லை. தினமும் சாயங்காலம் திருவேட்டக்குடிக்கே சைக்கிளை மிதித்துப் போய், மீன்கூடை பக்கத்தில் குந்தி, அந்தம்மாவைக் கை நனைக்கச் சொல்லித் தடவிவிட்டு வந்தார். வியாபாரம் கெடுகிறது என்று பக்கத்துக் கூடைக்காரம்மா சண்டைக்கு வந்தார். அவருக்கும் தடவிவிட்டார்.

அடுத்த வாரம் எங்கள் ஏசி ரூம் முழுக்க நெத்திலி வாடை. முதலாளி கைக்குட்டையைத் தேடினார். அந்தம்மா கட்டைவிரலை வைத்தார். மெஷினில் பச்சை விளக்கு எரிந்தது.

"இருக்கீங்கம்மா" என்றார் அண்ணன். அந்தம்மா அவர் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அண்ணன் இப்போது மகளோடு பாண்டியில் இருக்கிறார். சென்டருக்கு வரும் வயசானவர்கள் கையை நீட்டிக்கொண்டே, "அவரு எங்கங்க?" என்று கேட்கிறார்கள். காலையில் கதவைத் திறந்ததும் நானும் அவர் நாற்காலியைத்தான் முதலில் பார்க்கிறேன்.