முப்பத்தொரு மூட்டைக்காரர்களின் அரசியல் சாய்வு

மனித மனத்தை அறிவியல் இதுவரை ஒரே ஓர் இடத்தில்தான் முழுதாக அளந்து முடித்திருக்கிறது. அது எங்கள் ஊர்த் தானியக் கிடங்கு. அளக்கப்பட்ட முப்பத்தொரு மனங்களில் ஒன்று என்னுடையது என்பதைத் தாழ்மையோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

எங்கள் ஊரில் இரண்டு கட்சிகள். கடைத்தெருவின் வலப்பக்கம் அலுவலகம் வைத்திருப்பது வலது கட்சி. எதிரே இருப்பது இடது கட்சி. மற்ற வித்தியாசங்களைப் படித்தவர்கள் ஆராய்ந்து வருகிறார்கள். போன தேர்தலில் வெற்றி பதினோரு ஓட்டில் நின்றது. ஆகவே மூட்டை தூக்கும் நாங்கள் முப்பத்தொரு பேரும் ஒரே நாளில் 'மதிப்புமிக்க வாக்காளர்கள்' ஆனோம்.

கிடங்குக்கு ஒன்பது படிகள். மூட்டையோடு ஏறி ஏறி என் மச்சானுக்கு, அதாவது என் மனைவியின் தம்பிக்கு, முழங்கால் வீங்கிக் கிடந்தது. "இன்னும் ஒரு அறுவடை இந்தப் படியில ஏறினா அப்புறம் நடக்க முடியாது" என்று டாக்டர் சொல்லிவிட்டார். படிக்குப் பதிலாக ஒரு சாய்தளம் கேட்டுப் பல வருடம் ஆயிற்று. இந்த முறை கேட்காமலேயே வலது கட்சி ஒரு லாரி மணல் கொட்டியது. மறுநாள் இடது கட்சி செங்கல் இறக்கியது.

அந்த நல்ல நேரத்தில்தான் கருத்துக்கணிப்பாளர் வந்தார். கழுத்தில் அட்டை, பையில் மூன்று பேனா. முதலில் மச்சானைப் பிடித்தார்.

"அண்ணே, உங்க சாய்வு எந்தப் பக்கம்?"

மச்சான் மூட்டை சுமந்து இறங்கிப்போன தோளைத் தொட்டுக் காட்டினான். "வலப்பக்கங்க. இருபத்திரெண்டு வருஷமா."

"மாற வாய்ப்பு இருக்கா?"

"இனிமே எங்க மாறுறது? எலும்பே அப்படி ஆயிடுச்சு. எங்கப்பாவுக்கும் அப்படித்தான்."

'எலும்பில் ஊறிய ஆதரவு. பரம்பரை வாக்கு' என்று எழுதிக்கொண்டார்.

"மத்தவங்க?"

"எல்லாரும் வலதுதான். நம்ம கட்டையன் மட்டும் இடது. பொறந்ததுலேர்ந்தே இடக்கை."

'இடது சிறுபான்மை' என்று தனிக் கட்டம் போட்டார். எனக்கு விஷயம் புரிந்து வாயைத் திறப்பதற்குள் முதுகில் அடுத்த மூட்டை ஏறிவிட்டது.

அறிக்கை செய்தித்தாளில் வந்தது. எழுத்துக் கூட்டி நான்தான் எல்லோருக்கும் வாசித்தேன்.

"'இவர்கள் உறுதியான வலதுசாரிகள்.'"

"சாரியா? எதுக்கு மாமா நம்மகிட்ட சாரி கேக்குறாங்க?" என்றான் மச்சான்.

காரணம் மாலையில் தெரிந்தது. "நம்ம ஆளுங்கதானே, எங்க போயிடப் போறாங்க?" என்று வலது கட்சி மணலை எடுத்துக்கொண்டது. "நமக்குப் போடாதவனுக்கு எதுக்கு?" என்று இடது கட்சி செங்கல்லை எடுத்துக்கொண்டது. இரண்டையும் லாரியில் ஏற்றிவிட்டது நாங்கள்தான். தொழில் வேறு, அரசியல் வேறு.

நான்காம் நாள் மச்சான் ஆறாவது படியில் மூட்டையோடு விழுந்தான். முழங்கால் உடைந்தது. இனி அவனால் மூட்டை தூக்க முடியாது.

இரண்டாம் கட்டக் கணிப்புக்கு அதே மனிதர் வீடு தேடி வந்தார். பாயில் கிடந்தவனிடம் படிவத்தை நீட்டினார்.

"இப்ப சாய்வு எந்தப் பக்கம்ணே?"

"எந்தப் பக்கமும் சாயக்கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாருங்க. நேரா படுத்திருக்கேன்."

'நடுநிலை' என்று எழுதி இரண்டு முறை அடிக்கோடிட்டார். "இனிமே எந்தப் பக்கம்?"

"காலு தேறட்டும். அப்புறம் பாக்கலாம்."

'இன்னும் முடிவெடுக்கவில்லை!' ஆச்சரியக்குறி அவருடையதுதான்.

என் மண்டையில் அப்போதுதான் விளக்கு எரிந்தது. மறுநாள் அவர் கிடங்குக்கு வந்தபோது முப்பது பேரும் நெல் மூட்டைகளின்மேல் மல்லாந்து படுத்திருந்தோம். கட்டையனும் இடக்கையை நேராக வைத்துக்கொண்டான். அறிக்கை அதை 'வரலாறு காணாத மனமாற்றம்' என்றது. அன்று மாலையே மணல் வந்தது, செங்கல்லும் வந்தது, யாரும் கேட்காத சிமெண்டும் வந்தது. ஆறே நாளில் சாய்தளம் தயார். இரண்டு தலைவர்களும் ஆளுக்கொரு முனையிலிருந்து ரிப்பனை வெட்டினார்கள்.

மச்சானை நாற்காலியோடு தூக்கிவந்து காட்டினோம். கண்ணை இடுக்கிப் பார்த்தான்.

"ஜோரா இருக்கு மாமா. நான் கொஞ்சம் முன்னாடியே விழுந்திருக்கலாம்."

நின்றுகொண்டு கேட்டபோது இந்த ஊரில் யாருக்கும் காது கேட்கவில்லை. ஒருவன் விழுந்து படுத்ததும் வேலை மளமளவென்று நடந்தது. மக்களாட்சியின் இந்த நுட்பம் பிடிபட்டதால், கிடங்குக் கூரை ஒழுகுவதற்கும் அதே முறையைக் கையாள முடிவு செய்தோம். அடுத்து யார் விழுவது என்று எங்களுக்குள் ஓட்டெடுப்பு நடந்தது. வாக்குப்பதிவு நூறு சதவீதம். எழுதப் படிக்கத் தெரிந்தவன், படுத்துக்கொண்டே படிவத்தை நிரப்பிக் கொடுப்பான் என்று என்னை ஒருமனதாகத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள்.

வரும் திங்கட்கிழமை பதவியேற்கிறேன், கூரையிலிருந்து.