நொட்டையரின் சிவப்புக் கார்

பிழை பிடிப்பதில் நொட்டையரை மிஞ்ச மொன்றியலில் ஆள் இல்லை. உலகத்திலும் இருக்க வாய்ப்பில்லை. பிரம்மாவே நேரில் வந்து நின்றாலும், "நாலு தலையும் ஒரே மட்டத்திலை இல்லை, பார்த்தனீங்களோ?" என்று கேட்கக்கூடிய மனிதர்.

நொட்டை என்றால் எங்கள் பேச்சில் குறை. அதைச் சொல்லிக்கொண்டே இருந்ததால் நொட்டையர். பெற்றோர் வைத்த பெயர் அவருடைய கடவுச்சீட்டில் மட்டும் பத்திரமாக இருக்கிறது. பிஸ்கட் தொழிற்சாலை ஒன்றில் தர பரிசோதகராக இருந்து ஓய்வுபெற்றவர். பட்டியில் ஊர்ந்து வரும் பிஸ்கட்டுகளில் நொறுங்கியது, கருகியது, ஓட்டை குறைந்தது எல்லாவற்றையும் பொறுக்கி எறிவதுதான் வேலை. தொழிற்சாலை அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. கண்ணும் விரலும் வேலையை விடவில்லை.

நாங்கள் பார்க் எக்ஸ்டென்ஷன் மாடிக் குடியிருப்பை விட்டு ரொக்ஸ்பரோவில் வீடு வாங்கிக் குடிபுகுந்த அன்று, பக்கத்து வீட்டுக்காரராக முதலில் வந்தவர் அவர்தான். பால் காய்ச்சி முடியவில்லை, சட்டைப் பையிலிருந்து ஒரு கண்ணாடிக் குண்டை எடுத்து நடுக்கூடத்தில் வைத்தார். அது உருண்டு உருண்டு அடுப்படிக்குள் போனது.

"தங்கச்சி, வீடு குசினிப் பக்கம் சரிஞ்சு கிடக்கு. ஆனா வடிவான வீடு எண்டு எல்லாரும் சொல்லுவினம், நம்பாதையும்."

செத்த வீட்டுக்குப் போனால் முதலில் கண்ணீர் விடமாட்டார்; சுவரில் தொங்கும் படத்தை நேராக்குவார். மனைவி புஷ்பம் அக்கா வைக்கும் கறியில் உப்பு அதிகம் என்று சொன்னால்கூடப் பரவாயில்லை. "சட்டியிலை வலப்பக்கம் உப்புக் கூடிப்போச்சு" என்பார். அக்கா சட்டியைத் திருப்பி வைப்பார். சண்டை முடிந்துவிடும்.

இப்பேர்ப்பட்ட மனிதர் ஒரு நாள் காதலில் விழுந்தார். இரண்டே இருக்கை, திறந்து மூடும் கூரை, தரையை நக்குகிற உயரம், குங்குமச் சிவப்பு. அப்போதுதான் சந்தைக்கு வந்திருந்த புதிய ஸ்போர்ட்ஸ் கார். வாழ்நாள் முழுக்கப் பழைய வான் ஓட்டியவர், ஓய்வுக்குப் பிறகு யாரையும் கேட்காமல் போய் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். அதற்குள் ஏறுவதற்கு அவர் முதலில் காலை விட்டு, பிறகு இடுப்பை விட்டு, கடைசியாக "முருகா" என்று சொல்லித் தலையை விடவேண்டும்.

புது மாதிரி வண்டியை முதல் வருஷத்தில் வாங்கக் கூடாது என்று எல்லோருக்கும் தெரியும். இந்த வண்டியைப் பற்றி வாங்கியவர்கள் எல்லோரும் இணையத்தில் ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தார்கள். என் மகன் கபிலன் ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டுவான். கைப்பிடி உறைகிறதாம். கணினித் திரை கறுக்கிறதாம். கூரை ஒழுகுகிறதாம். அத்தனையும் எங்கள் வேலிக்கு அந்தப் பக்கம் நேரடியாக நடந்துகொண்டிருந்தது.

அதிசயம் என்னவென்றால், நொட்டையர் ஒரு பிழையும் சொல்லவில்லை. கார்க் கதவின் கைப்பிடி உடம்புக்குள் மடிந்து ஒளிந்துகொள்ளும் சாதி. ஜனவரிக் குளிரில் ஒளிந்தது வெளியே வர மறுத்துவிட்டது. என் வீட்டிலிருந்து மின்கம்பி இழுத்து, புஷ்பம் அக்காவின் முடி உலர்த்தியால் அதற்கு வெந்நீர்க் குளியல் மாதிரி ஒன்று நடத்திக்கொண்டிருந்தார்.

"என்ன அண்ணை, பழுதோ?" என்று கேட்டேன்.

"என்ன பழுது? குளிருக்கு நீர் கையைப் பொக்கற்றுக்கை வைக்கிறேல்லையோ? அதுவும் வைச்சிருக்கு."

ஆடி வெயிலில் இருக்கை தானாகச் சூடேறியபோது, "இடுப்பு நாரிப் பிடிப்புக்கு நல்லது" என்றார். திரை திடீரென்று ஆங்கிலத்தை மறந்து பிரெஞ்சில் மட்டும் பேசத் தொடங்கியபோது, "கெபெக்கிலை இருக்கிறம் எண்டு அதுக்குத் தெரியுது. உமக்குத்தான் தெரியேல்லை" என்று என்னைத் திருத்தினார். பழுதைத் திருத்தித் தருகிறோம், வண்டியைக் கொண்டுவாருங்கள் என்று கம்பனி அடிக்கடி அழைக்கும். கலியாண அழைப்பிதழ் வந்த மாதிரி மடிப்புக் கலையாத சட்டை போட்டுக்கொண்டு போவார். போகும்போது கார் ஓடும். வரும்போது பாரவண்டி இழுத்துக்கொண்டு வரும். இழுத்துவரும் வெள்ளைக்காரப் பையன் கடைசியில் வீட்டுப் பிள்ளை ஆகிவிட்டான். அவனுக்குப் புஷ்பம் அக்கா உழுந்து வடை எடுத்து வைக்காத வாரமில்லை.

ஒரு தடவை பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன். "அண்ணை, என்ரை வீட்டுத் தரையிலை குண்டு உருட்டினீங்கள். இந்தக் காரிலை மட்டும் ஏன் ஒண்டும் சொல்லுறீங்களில்லை?"

கூரையைத் துடைத்துக்கொண்டிருந்தவர் நிறுத்தினார்.

"முதல் வருஷக் கார் தங்கச்சி. நாங்கள் இஞ்சை வந்த முதல் வருஷம் சரியா ஓடினனாங்களோ? நான் மெட்ரோவிலை ஏறினா எதிர்ப்பக்கம் போய் இறங்குவன். ஆரும் எங்களைத் திருப்பி அனுப்பேல்லையே."

அதற்குமேல் நான் காரைப் பற்றிக் கேட்கவில்லை. ஆனால் ஊர் வாயை மூட முடியுமா? கோயிலில், கடையில், கலியாண வீட்டில், நொட்டையரைக் கண்டால் போதும். "என்ன அண்ணை, இண்டைக்குக் கார் ஓடுதோ, நீங்கள் தள்ளிக்கொண்டு வந்தனீங்களோ?" வாழ்நாளெல்லாம் பிறரைக் குறை சொன்ன மனிதரை எல்லோரும் சேர்ந்து வட்டியும் முதலுமாகச் சொன்னார்கள். மனிதர் வாடிப்போனார்.

அந்த நேரத்தில்தான் கபிலனுக்குக் கலியாணம் வந்தது. மாப்பிள்ளையைத் தன் காரில்தான் மண்டபத்துக்கு அழைத்துப் போவேன் என்று நொட்டையர் வந்து நின்றார். கபிலனுக்குக் கொள்ளை ஆசை. நான் எங்கள் வானின் சாவியை எடுத்துக் காட்டினேன்.

"தங்கச்சி, ஊர் முழுக்க என்ரை காரைப் பார்த்துச் சிரிக்குது. ஒரே ஒரு நாள், நாலு பேர் பார்க்க ஒழுங்கா ஓடிக் காட்டினாக் காணும். பேந்து நான் ஒண்டும் கேக்கமாட்டன்." பிழை மட்டுமே சொல்லிப் பழகிய வாயிலிருந்து கெஞ்சல் வந்தால் யாரால் மறுக்க முடியும்?

கலியாணக் காலை தலைப்பாகையில் தொடங்கியது. எங்கள் முறைப்படி மாப்பிள்ளை தலைப்பாகை கட்டித்தான் புறப்பட வேண்டும். தலைப்பாகையோடு கபிலன் காருக்குள் இறங்கினால் கூரை முட்டியது. கூரையைத் திறந்தார்கள். திறந்த கூரை மூட மறுத்தது. "மாப்பிள்ளையை நாலு பேர் பார்க்கத்தானே வேணும்" என்றார் நொட்டையர். மாப்பிள்ளைத் தோழன் பெண்ணின் தம்பி நிரூஷன். மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் இருக்கவேண்டிய அவனுக்கு அந்தக் காரில் இடமில்லை. முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு எங்கள் வானில் ஏறி, வான் ஓட்டிய எனக்கும் புஷ்பம் அக்காவுக்கும் பின்னால் உட்கார்ந்தான்.

மண்டபம் ஆற்றுக்கு அப்பால், லாவாலில். பாலத்துக்குப் போனால் செம்மஞ்சள் கூம்புகள் அணிவகுத்து நிற்கின்றன. வீதி வேலை, பாதை மூடல். முகூர்த்தம் நெருங்குகிறது. கபிலன் இரண்டு கையாலும் தலைப்பாகையைப் பிடித்தபடி திரும்பிப் பார்த்து, "அம்மா, இல்-பிசார் படகு!" என்று கத்தினான். கோடையில் இல்-பிசார் என்ற தீவிலிருந்து லாவாலுக்குக் கார்களை ஏற்றி இறக்கும் சின்னப் படகு ஒன்று உண்டு. முன்னால் சிவப்புக் கார், பின்னால் எங்கள் வான், எங்களுக்குப் பின்னால் வேறு சில கார்கள். ஏறிவிட்டோம்.

படகு நகர்ந்ததும் புஷ்பம் அக்கா நெஞ்சில் கை வைத்தார். "ஐயோ, கூரையோடை மினக்கெட்டதிலை காருக்குப் பொட்டு வைக்க மறந்துபோனம். மங்கள காரியத்துக்குத் தண்ணி தாண்டிப் போறம்." சந்தனக் கிண்ணமும் குங்குமமுமாக இறங்கினார். கபிலனுக்கு ஒன்று, எனக்கு ஒன்று, முறைத்துக்கொண்டிருந்த நிரூஷனுக்கு ஒன்று. படகுக்காரருக்கும் ஒன்று, அவர் "மெர்சி மதாம்" என்று நெற்றியைக் காட்டினார். கடைசியாகக் காரின் மூக்கில் தட்டை வடை அளவுக்குச் சந்தனம் அப்பி, நடுவில் குங்குமம் வைத்துக் கும்பிட்டார்.

படகு கரையில் தட்டியது. தடுப்பு உயர்ந்தது. கார் உறுமியது, ஒரு சாண் நகர்ந்தது, வெடுக்கென்று நின்றது. திரை முழுக்கச் சிவப்பு. முன்னால் தடை இருக்கிறது என்று உள்ளே ஒரு பெண் குரல் பிரெஞ்சில் அலறியது. நொட்டையர் மறுபடி முயன்றார். மறுபடி அலறல்.

"அவான்ஸே, மெஸ்யூ! அவான்ஸே!" முன்னுக்குப் போகச் சொல்லிப் படகுக்காரர் பொட்டோடு குதித்தார். பின்னால் நின்ற கார்கள் எல்லாம் ஹோர்ன் அடித்தன. கபிலன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தள்ளுவதற்கு இறங்கினான்.

நிரூஷன் கைபேசியை உயர்த்தி எல்லாவற்றையும் படம் பிடித்துக்கொண்டே சொன்னான். "அண்ணை, முன்னால ஒண்டுமில்லை. வெறும் லாவால்தான் இருக்கு. உங்கடை கார் லாவாலுக்குப் பயப்படுது!"

நொட்டையர் இறங்கிக் காரின் முன்னால் போனார். குனிந்தார். பம்பரில் வட்டமாக ஒரு கறுப்புக் கண் இருக்கிறது. முன்னால் என்ன இருக்கிறது என்று காருக்குச் சொல்வது அதுதான். அந்தக் கண்ணை மூடியபடி சந்தனப் பொட்டு. நானும் அப்போதுதான் கவனித்தேன்.

நிமிர்ந்த முகத்தைப் பார்க்க வேண்டுமே! அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதுவரை அவர் முகத்தில் கண்டதில்லை. கார் பிழைவிடவில்லை. இத்தனை நாளில் முதல்முறையாக, ஊர் பார்த்திருக்க, கைபேசி படம் பிடித்திருக்க, கார் பக்கம் முழு நியாயம். நொறுங்கிய பிஸ்கட்டைக் காட்டிக்கொடுத்த அதே சுட்டுவிரல் தானாக மேலே எழுந்தது.

"என்னவாம்? என்ன பிழையாம்?" என்று புஷ்பம் அக்காவின் குரல் கேட்டது. சந்தனக் கிண்ணத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, அழுதுவிடுவார் போல நின்றார்.

விரல் அப்படியே நின்றது. நொட்டையர் அக்காவைப் பார்த்தார். பிறகு முகம் துடைப்பவர் போலக் கைக்குட்டையை எடுத்தார். வேட்டியைச் சரிசெய்பவர் போலக் குனிந்தார். எழுந்தபோது சத்தமாகச் சொன்னார்.

"ஓம். காரிலைதான் பிழை. முதல் வருஷக் கார் எண்டா உப்பிடித்தான்."

தள்ளுவதற்குக் கை வைத்த கபிலன் வாயைப் பிளந்தான். இருவரும் ஏறி உட்கார்ந்தார்கள். கார் பூனைக்குட்டி மாதிரிக் கரையேறிப் போனது.

முகூர்த்தம் தப்பவில்லை, தாலி நேரத்துக்கு ஏறியது. ஆனால் பந்தியில் நிரூஷன் படத்தைக் காட்டிக்காட்டி மண்டபத்தையே சிரிக்கவைத்தான். "அண்ணையே வாயாலை ஒத்துக்கொண்டிட்டார்!" நொட்டையர் தலையை ஆட்டி, "ஓம், ஓம், பிழைதான்" என்று சாப்பிட்டார். கை கழுவிவந்து கைக்குட்டையை விரித்தபோது அதில் மஞ்சளும் சிவப்புமாகக் கறை. நான் பார்த்ததை அவரும் பார்த்துவிட்டார்.

"தங்கச்சி, பாயசத்திலை சவ்வரிசி அவியேல்லை" என்றார் அவசரமாக.

இதைப் புஷ்பம் அக்கா வாசித்துவிடுவாரோ என்ற பயம் எனக்கில்லை. அச்சுப் பிழை அதிகம் என்று இந்தப் பத்திரிகையை நொட்டையர் வீட்டுக்குள் விடுவதே இல்லை.

அடுத்த வசந்தத்தில் காரின் போர்வையை நீக்கி, அக்கா சந்தனத்தோடு வந்தபோது நான் தோட்டத்தில் நின்றேன். அக்கா காரின் மூக்கருகே குனிந்தார்.

"அதிலை வேண்டாம் புஷ்பம். இஞ்சை, கதவிலை வையும். ஆ... இப்ப எவ்வளவு வடிவாக் கிடக்கு!"

அக்கா கிண்ணத்தோடு வேலிக்கு ஓடிவந்தார். முகம் முழுக்கச் சிரிப்பு.

"கேட்டனீரோ தங்கச்சி? கலியாணம் கட்டின நாளிலை இருந்து நான் செய்த ஒண்டை இந்த மனுசன் வடிவெண்டு சொன்னது இண்டைக்குத்தான்!"

"கேட்டனான் அக்கா" என்றேன்.

அவருக்குப் பின்னால் நொட்டையர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு எங்கள் வேலியை அளந்துகொண்டிருந்தார். "தங்கச்சி, உம்மடை வேலி இந்தப் பக்கம் சரிஞ்சு கிடக்கு."

உண்மைதான், சரிந்துதான் கிடக்கிறது. நிமிர்த்த ஆள் கூப்பிடலாம் என்று கபிலன் பலமுறை சொல்லிவிட்டான். அவர் காலையில் வந்து நின்று சொல்வதற்கு ஏதாவது இருக்கட்டும் என்று நான்தான் விட்டுவைத்திருக்கிறேன்.